பலூன் கொடுத்தனுப்புங்கள், வெடிமருந்து வேண்டாம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். போன வாரம் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் தீபாவளிக்கு மிஞ்சிய பட்டாசைப் பிரித்து, மருந்தைப் பழைய பேனாக் குழாயில் அடைத்து 'த்ரஸ்டர்' (விண்கலத்தைத் தள்ளித் திருப்பும் சிறு எஞ்சின்) செய்து பார்த்திருக்கிறான். முன்நெற்றி முடி கருகியதோடு போயிற்று. அந்தப் பிள்ளையை யாரும் திட்ட வேண்டாம். விண்வெளி வீரர்கள் பூமிக்கு எப்படித் திரும்புகிறார்கள் என்று மூன்று நாள் வகுப்பில் பேசி ஆசையைக் கிளப்பிவிட்டது நாங்கள். பட்டாசு மருந்தைத் தொடக் கூடாது என்பதையும் அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, அது எங்கள் தவறு.

வீட்டிலும் இதே பேச்சுதான் என்று பலர் சொன்னீர்கள். பிள்ளைகள் கேட்டால் பதில் சொல்ல வசதியாக இருக்கட்டும் என்று கொஞ்சம் எழுதுகிறேன்.

பூமியைச் சுற்றும் விண்கலத்தின் வேகம் மணிக்குச் சுமார் 28,000 கிலோமீட்டர். பிரேக் பிடிக்க அங்கே தரை கிடையாது. அதனால் கலத்தைத் திருப்பி, போகும் திசைக்கு எதிராக எஞ்சினை எரிக்கிறார்கள். அவ்வளவு வேகத்தையும் எஞ்சினே குறைத்துவிடும் என்றுதான் பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். ஆனால் ரஷ்யாவின் சோயூஸ் விண்கலம் ஐந்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக எரித்துக் குறைப்பது மணிக்கு 460 கிலோமீட்டர் அளவுதான்! அது போதும், பாதை தாழ்ந்து காற்று மண்டலத்துக்குள் வந்துவிடும். பெரும்பகுதி வேகத்தைக் காற்றே தின்றுவிடும், அப்புறம் பாராசூட். ஆனால் நுழையும் கோணம் பிசகினால் ஆபத்து. வெப்பக் கவசம் முன்பக்கமாகவே இருக்க வேண்டும். கலத்தை அப்படித் திருப்பி நிறுத்துவது சின்னச் சின்ன த்ரஸ்டர்கள்.

அவை மக்கர் செய்தால்? 2024 ஜூனில் அமெரிக்க விண்வெளி வீரர்கள் சுனிதா வில்லியம்ஸும் புட்ச் வில்மோரும் சென்ற ஸ்டார்லைனர் விண்கலத்தில் அதுதான் நடந்தது. விண்வெளி நிலையத்தை நெருங்கும்போது 28 த்ரஸ்டர்களில் ஐந்து நின்றுபோயின. நான்கு மீண்டும் வேலை செய்தன. தரையில் அதே மாதிரி த்ரஸ்டரை எரித்துப் பார்த்தபோது, வால்வுக்குள் கசிவைத் தடுக்க இருந்த சிறு டெஃப்லான் சீல் சூட்டில் உப்பியிருந்தது தெரிந்தது. செப்டம்பரில் கலத்தை ஆளில்லாமல் இறக்கினார்கள், அது பத்திரமாகவே இறங்கியது. ஏறக்குறைய எட்டு நாள் பயணமாகக் கிளம்பிய இருவரும் 286 நாள் இருந்து, 2025 மார்ச்சில் டிராகன் என்ற வேறொரு கலத்தில் வந்து சேர்ந்தார்கள். "காலியாகவே நல்லபடி இறங்கிவிட்டதே, அதிலேயே வந்திருக்கலாமே?" என்று ஒரு மாணவி கேட்டாள். வரலாம் என்று உறுதியாகத் தெரியாதபோது ஆளை ஏற்றாமல் விட்டதுதான் சரி என்பது என் எண்ணம். நீங்களும் வீட்டில் கேட்டுப் பாருங்கள், பிள்ளைகள் நன்றாகவே வாதாடுகிறார்கள்.

நம் ஊரிலிருந்து பார்த்தாலே தெரியும் மகேந்திரகிரி மலையடிவாரத்தில்தான், இந்திய வீரர்களை விண்ணுக்குக் கொண்டுபோகப் போகும் ககன்யான் கலத்தின் உந்து அமைப்பை எரித்துச் சோதித்தார்கள். பெரிய எஞ்சின்கள் ஐந்து, சின்ன த்ரஸ்டர்கள் 16. சின்னது ஒவ்வொன்றின் விசையும் 100 நியூட்டன், அதாவது பத்துக் கிலோ அரிசிப் பையைத் தூக்கிப் பிடிக்கும் அளவு. நம் வீரர்களைத் திருப்பிக் கொண்டுவரப் போவது இந்த உந்து அமைப்புதான் என்று சொன்னபோது வகுப்பே அமைதியாகிவிட்டது.

சரி, வேலைக்கு வருகிறேன். வரும் வெள்ளிக்கிழமை மதியம் 2 மணிக்குப் பிள்ளைகள் இதைப் பலூனில் செய்து காட்டுகிறார்கள். ஜன்னல் கம்பிகளுக்கு இடையே நூல் கட்டி, உறிஞ்சுகுழலைக் கோத்து, ஊதிய பலூனை அதில் செலோடேப்பால் ஒட்டிவிட்டால் போதும், காற்று பின்னால் சீற பலூன் முன்னால் ஓடும். எதிரும் புதிருமாக இரண்டு பலூன் ஒட்டி, நடுவழியில் நிறுத்தவும் பழகியிருக்கிறார்கள். ஆளுக்கு நான்கு பலூன், ஒரு உறிஞ்சுகுழல், கொஞ்சம் நூல் கொடுத்தனுப்புங்கள். வாங்க முடியாதவர்கள் சிரமப்பட வேண்டாம், பள்ளியில் இருக்கிறது. வீட்டில் மிச்சமிருக்கும் பட்டாசைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் இன்றே எடுத்து வைத்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை அவசியம் வாருங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்