சளி பிடித்த பிள்ளையை இரண்டு மூன்று நாள் வீட்டில் வையுங்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து நம் மேலூர்ப் பக்கம் எந்த வீட்டில் கேட்டாலும் சளி, இருமல்தான். நம் பள்ளியிலும் அதே கதை. போன திங்கட்கிழமை மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் மூக்கைப் புறங்கையால் துடைத்துவிட்டு, அதே கையால் பக்கத்துப் பிள்ளைக்கு ரப்பர் எடுத்துக் கொடுத்தான். அவள் வாங்கி அழித்துவிட்டு, கண்ணைக் கசக்கினாள். வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். புதன்கிழமை அவளும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தாள். வெள்ளிக்கிழமை அந்த வகுப்பில் ஏழு பேர்.

தும்மலில் தெறிக்கும் துளியும் மூக்கைத் தொட்ட கையும்தான் சளியைப் பரப்புகின்றன. மழையில் நனைந்ததாலோ ஜிகர்தண்டா குடித்ததாலோ மட்டும் சளி வராது. கிருமி உள்ளே போக வேண்டும். மழை நாளில் ஜன்னலைச் சாத்திவிட்டு நெருக்கியடித்து உட்காருகிறோம், கிருமி பரவ அது போதும்.

பெரும்பாலும் ரைனோ வைரஸ்தான் காரணம். அதில் மட்டும் 160க்கு மேற்பட்ட வகைகள். அதனால்தான் "போன மாசம்தானே வந்துச்சு, மறுபடியுமா?" என்று கேட்கும்படி ஆகிறது. சின்னப் பிள்ளைக்கு வருடத்தில் 6 முதல் 8 தடவை வருவது சகஜம். மூக்கு அடைப்பதும் ஒழுகுவதும் பெரும்பாலும் உடம்பு கிருமியை எதிர்ப்பதால் வருபவை. மூக்கின் உட்சவ்வு வீங்கி நீர் கசிகிறது. சளி பழுத்து மஞ்சளானால் வெள்ளை அணுக்கள் வேலை செய்கின்றன என்று அர்த்தம். அதைப் பார்த்துப் பயந்து மெடிக்கலில் ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுக்காதீர்கள், வைரஸை அது ஒன்றும் செய்யாது. மிளகு ரசம் கொடுங்கள், இதமாக இருக்கும். நொச்சி போட்டு வேது பிடிக்க வேண்டாம். கொதிக்கிற பானை கவிழ்ந்தால் சளியைவிடப் பெரிய வினை.

சரி, இதில் என் தப்பும் ஒன்று இருக்கிறது. ஒரு நாள்கூட விடாமல் வந்தால் பரிசு என்று நான்தான் வைத்தேன். அதற்காகவே காய்ச்சலோடு அனுப்பியவர்களும் உண்டு. இந்த ஆண்டு முதல் அந்தப் பரிசு கிடையாது. சளி தொடங்கிய முதல் இரண்டு மூன்று நாளில்தான் அதிகம் பரவும். அப்போது பிள்ளையை வீட்டில் வையுங்கள். வகுப்பாசிரியருக்குப் போனில் சொன்னால் போதும், விடுப்புக் கடிதம் வேண்டாம். வேலைக்குப் போகும் அம்மாக்களுக்கு இது சிரமம் என்று தெரியும். பார்த்துக்கொள்ள ஆளே இல்லையென்றால் அனுப்புங்கள், தனி பெஞ்சில் உட்கார வைக்கிறோம்.

ஒரு வாரம், பத்து நாளில் தானாகச் சரியாகிவிடும். இருமல் மட்டும் கொஞ்சம் இழுக்கும். மூச்சு வாங்கினாலோ, காது வலித்தாலோ, காய்ச்சல் மூன்று நாளுக்கு மேல் நின்றாலோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள்.

திங்கள் முதல் தண்ணீர்த் தொட்டியில் பொது டம்ளர் இருக்காது. ஆளுக்கொரு டம்ளரும், பையில் ஒரு கைக்குட்டையும் கொடுத்தனுப்புங்கள். சோப்பு பள்ளியிலேயே இருக்கும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்