கோதைக்கு, அப்பாவின் நோட்டைப் பற்றி

ஸ்ரீவில்லிபுத்தூர்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள கோதைக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம். மாப்பிள்ளை, பெரியவன், சின்னவள் எல்லோரும் நலமாக இருக்கப் பெருமாள் துணை. ஆடிப்பூரத் தேர் பார்த்துவிட்டு நீங்கள் பெங்களூருக்குத் திரும்பி இன்றோடு இருபத்திரண்டு நாள் ஆகிறது. இந்த இருபத்திரண்டு நாளில் நீ நான்கு முறை போன் செய்தாய், நான்கு முறையும் இரண்டு வார்த்தை பேசிவிட்டுக் குழந்தைகள் கையில் கொடுத்துவிட்டாய். இதைக் கோபத்தில் சொல்லவில்லை, கணக்குக்காகச் சொல்கிறேன். போனில் என்றால் எடுத்தவுடனே "சாப்பிட்டாயா?" என்று நான் கேட்டுவிடுகிறேன், நீ "ம்" என்கிறாய், அதற்கு மேல் பேச்சு நகர்வதில்லை. அதனால்தான் தாளை எடுத்தேன். பின்கட்டு ஓடு மாற்றியாகிவிட்டது, தென்னைக்கு ஆள் வந்து போனான். மற்ற ஊர்ச் செய்திகளைப் பிறகு எழுதுகிறேன்.

நீ எடுத்துவந்து காட்டிய உணவு அட்டவணையை நான் குறை சொல்லவில்லை. சின்னவள் வயிற்றில் இருந்தபோது வந்த சர்க்கரை பிரசவத்தோடு இறங்கிவிட்டாலும் பின்னால் திரும்பி வரக்கூடும் என்று டாக்டர் அன்றே சொன்னதை மறக்காமல், ஆண்டுதோறும் சோதனை செய்துகொண்டு, இந்த முறை ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 6.2 சதவீதம் என்று வந்தவுடன், அது 6.5-ஐத் தொட்டு நோய் என்று பெயர் வாங்கும்வரை காத்திராமல் நீயாகப் போய் உணவு ஆலோசகரைப் பார்த்தாயே, அந்தப் புத்தி உன் அப்பாவுக்கும் இருந்ததில்லை, எனக்கும் இருந்ததில்லை. எதிர் வீட்டுக்காரர்களிடம்கூட இதைப் பெருமையாகச் சொன்னேன். ஆனால், காலை எட்டு மணிக்குக் கிளம்பி இரவு எட்டு மணிக்கு வீடு திரும்புகிறவள் இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்குள் எங்கே வைத்துச் சாப்பிடுவாள் என்று அந்த அட்டவணை போட்டவரும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. நாள் முழுவதற்கும் 1,400 கலோரி என்று எழுதிக் கொடுத்துவிட்டார், நீயும் மதியம் இரண்டு சப்பாத்தியோடு எழுந்துவிடுகிறாய். வயிறு அட்டவணையைப் படிப்பதில்லை, கோதை. வேளைக்குச் சாப்பிடு. பட்டினி கிடக்காதே.

எனக்கு இடறியது ஒரு சொல்தான். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டை நீ "சீட் மீல்" என்றாய், அதாவது ஏமாற்றுச் சாப்பாடு. முப்பத்தொரு ஆண்டு பரீட்சை ஹாலில் நடந்து நடந்து கால் தேய்ந்தவளுக்கு அந்தச் சொல் எப்படிக் கேட்கும் என்று யோசித்துப் பார். சீட்டிங் என்றால் எனக்கு நினைவுக்கு வருவது ஜாமெட்ரி பாக்ஸுக்கு அடியிலும் சட்டை மடிப்பிலும் பிள்ளைகள் ஒளித்துவைக்கும் பிட்டுத்தான். வாரத்தில் ஒரு வேளை சோறும் பாயசமும் சாப்பிடலாம் என்று ஆலோசகரே தாளில் அச்சடித்துக் கொடுத்திருக்கும்போது, அதில் யார் யாரை ஏமாற்றுகிறார்கள்?

உன் பாட்டியின் ஏகாதசி உனக்கு நினைவிருக்கும். அரிசி தொடமாட்டாள். ஆனால் காலை பத்து மணிக்குள் ரவை உப்புமா ஆகிவிடும், சாயங்காலம் கோதுமை தோசையும் வெல்லம் போட்ட பாலும் ஆகிவிடும், இடையில் வாழைப்பழத்துக்குக் கணக்கில்லை. பழ ஆகாரம் என்ற பொருளில் வந்த பலகாரம் என்ற சொல் எண்ணெய்ச் சட்டியில் விழுந்தது இப்படித்தான் என்று நான் வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். பாட்டியும் சிரிப்பாள். "பெருமாளுக்குத் தெரியாமலா சாப்பிடுகிறேன், அவர் கண் முன்னால்தானே சாப்பிடுகிறேன்" என்பாள். கூடத்தில், பட்டப்பகலில், நாலு பேர் நடுவில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டாள்.

உனக்குப் பன்னிரண்டு வயதில் மஞ்சள் காமாலை வந்தபோது கீழாநெல்லி கொடுத்துப் பத்தியம் வைத்தோம். உப்பில்லாத சோற்றை நீ அழுதுகொண்டே தின்றாய் என்றாலும், இத்தனையாம் நாள் தலைக்குத் தண்ணீர் விடுவோம், அன்று புளிக்குழம்பு வைப்போம் என்று நாளை எண்ணி எண்ணித் தின்றாய். அந்தப் பத்தியத்துக்கு முடிவு நாள் இருந்தது. சர்க்கரைக்காரர் பத்தியத்துக்கு அப்படி ஒரு நாள் கிடையாது. முடிவே இல்லாத பத்தியத்தை நடுவில் மூச்சு விடாமல் எவராலும் இழுத்துக்கொண்டு போக முடியாது என்பது உன் ஆலோசகருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் அது உன் அப்பா இருந்தவரை தெரியவில்லை.

அப்பாவுக்கு 2003-ல் சர்க்கரை தெரிந்தது. முதல் சில ஆண்டுகள் அவர் செய்ததெல்லாம் ஊரில் எல்லோரும் செய்வதுதான். சோற்றை நிறுத்திவிட்டேன் என்று இரவில் ஐந்து சப்பாத்தி சாப்பிட்டார். சீனியை விட்டுவிட்டுக் கருப்பட்டிக் காப்பிக்கு மாறினார். கருப்பட்டியிலும் பெரும்பங்கு அதே சர்க்கரைதான் என்று தெரியாமல், நானே அதை இரண்டு வேளையும் டம்ளர் நிறையக் கலந்து கொடுத்தேன். ரத்தச் சோதனைக்கு மூன்று நாள் முன்பிருந்து கேழ்வரகுக் கஞ்சியும் நடையுமாக இருப்பார், வெறும் வயிற்றுச் சர்க்கரை அடக்கமாக வரும், வரும் வழியில் தேர்முட்டிப் பக்கம் வண்டியை நிறுத்துவார். அவர் என்ன வாங்கினார் என்பதை அன்று நான் சட்டைப் பையைத் துவைக்கப் போட்டபோதுதான் கண்டுபிடித்தேன். நாலாக மடித்த பட்டர் பேப்பர், உள்ளே பால்கோவா ஒட்டிய நெய்ப் பிசுக்கு.

அது முதல் தடவை. அதற்குப் பிறகு நான் வேலையே அதுதான் என்று ஆகிவிட்டேன். பையைத் தடவினேன், டப்பாவில் பிஸ்கட்டை எண்ணிவைத்தேன், காரச்சேவுப் பொட்டலத்தின் முடிச்சை எனக்கு மட்டும் தெரியும்படி போட்டேன். பரீட்சை ஹாலில் கற்றதையெல்லாம் வீட்டில் காட்டினேன். பிடிபட்டதைவிடப் பிடிபடாதது எப்போதும் அதிகம் என்பதையும் அதே ஹாலில்தான் கற்றிருந்தேன், அதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை.

உன் தலைத் தீபாவளி நடந்தது 2011-ல். இதை நாம் இருவரும் இன்றுவரை வாய்விட்டுப் பேசியதில்லை. மாப்பிள்ளையும் சம்பந்தி வீட்டாரும் பந்தியில் உட்கார்ந்திருக்க, அப்பாவின் இலையில் நான் சோறு வைக்கவில்லை. அன்று காலை அவர் சட்டையில் கிடைத்த மூன்று பட்டர் பேப்பர்களையும் விரித்து, இலையின் நடுவில் அடுக்கிவைத்து, "உங்கள் அப்பா ஏற்கெனவே சாப்பிட்டாயிற்று" என்று உன்னைப் பார்த்துச் சொன்னேன். வேடிக்கை என்று நினைத்து யாரோ சிரித்தார்கள். அப்பா அந்தக் காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து, மடித்து, தம் பையில் வைத்துக்கொண்டார். மாப்பிள்ளை தம் இலையில் இருந்த ஜாங்கிரியைத் தொடாமல் எழுந்ததை நீயும் பார்த்தாய். அதற்குப் பிறகு ஒரு நாளும் எனக்குக் காகிதம் கிடைக்கவில்லை. மனிதர் திருந்திவிட்டார் என்று நான் ஊரெல்லாம் சொன்னேன்.

அந்த நேரத்தில் நோட்டு நடந்துகொண்டிருந்தது. நான் பள்ளியிலிருந்து எடுத்துவந்த நாற்பது பக்க நோட்டுத்தான். இடப்பக்கம் தேதி, நடுவில் வெறும் வயிறு, வலப்பக்கம் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தார். மில்லில் முப்பது ஆண்டு கணக்கு எழுதியவர். ஐம்பது பைசா உதைத்தால் இரவு முழுவதும் தூங்காமல் பேரேட்டைப் புரட்டியவர். விரலில் குத்தி மெஷினில் பார்த்து, 128, 134, 141 என்று அழகாக எழுதிவைப்பார். டாக்டர் அதைப் பார்த்து அதே மாத்திரையைத் தொடரச் சொல்வார். அவர் மீது என்ன குறை? முன்னால் வைத்த கணக்குக்குத்தானே அவர் வைத்தியம் பார்க்க முடியும். 2012-ல் அவர் மூன்று மாதச் சராசரியும் பார்க்கச் சொன்னார். ரத்தத்தின் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழும் என்றும், அத்தனை நாள் ஓடிய சர்க்கரையின் தடம் அதில் படிந்துவிடும் என்றும், மூன்று நாள் கஞ்சி குடித்து அதை அழிக்க முடியாது என்றும் எனக்கு அன்றுதான் தெரியும். 10.1 என்று வந்தது. "நோட்டுக்கும் இதற்கும் பொருந்தவில்லையே" என்றார் டாக்டர். அப்பா என் முகத்தைப் பார்த்தார். நான், "லேபில் ஏதோ மாற்றி எழுதியிருப்பார்கள், டாக்டர்" என்று சொன்னேன்.

அதைச் சொன்னது நான், கோதை. அப்பா அல்ல. என் காவலில் இருக்கும் மனிதருக்கு 10.1 வருமா என்ற மிடுக்கில் சொன்னேன். வேறு லேபில் மறுபடி பார்ப்பதாகச் சொல்லிவிட்டு வந்து, பார்க்காமல் ஆறு மாதம் கடத்தினோம். அதற்குப் பிறகுதான் இன்சுலின், கால் விரல், மதுரையில் அந்த இரண்டு வாரம் எல்லாம்.

பெரியவனுக்கு எண் படிக்கத் தெரிந்த புதிதில் பீரோவிலிருந்து பழைய மெஷினை எடுத்து, ரிமோட்டின் பேட்டரியைப் போட முயன்று, பிறகு நீ கடையில் வாங்கிக் கொடுத்ததைப் போட்டு, பொத்தானை அழுத்தி அழுத்தி "251, 274, 238, 302" என்று சத்தமாக வாசித்துக்கொண்டு கூடம் முழுவதும் சுற்றினான். நீ அதை அவன் கையிலிருந்து வாங்கி உள்ளே வைத்தாய். நீங்கள் ஊருக்குப் போன பிறகு நான் நோட்டை எடுத்து, மெஷினில் இருந்த தேதிகளோடு வரிசையாக ஒப்பிட்டேன், விடைத்தாள் திருத்துவதுபோல. மெஷின் 274 என்ற நாளில் நோட்டில் 131. மெஷின் 302 என்ற நாளில் நோட்டில் 139, அதுவும் தலைத் தீபாவளிக்கு மறுநாள். அதற்கு முந்தைய ஆண்டின் பக்கங்களையும் திருப்பிப் பார்த்தேன். அங்கே 210 என்றும் 226 என்றும் கோணல்மாணலாக, ஆனால் உள்ளபடி எழுதியிருக்கிறார். ஒரு நாள் எதிரே "கல்யாண வீடு, ஜாங்கிரி இரண்டு" என்றுகூடக் குறிப்பு இருக்கிறது. இலையில் காகிதம் வைத்த நாளுக்குப் பிறகுதான் எண்கள் எல்லாம் நல்ல பிள்ளைகளாக ஆகியிருக்கின்றன.

நீ இங்கே இருந்த இரண்டாம் நாள் இரவு, ஒன்றரை மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். அடுக்களையில் ஃபிரிட்ஜின் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. கூடத்துத் தூண் வரை வந்து, விளக்கைப் போடாமல் திரும்பிவிட்டேன். மறுநாள் காலையில் நீ போனைக் காட்டி, "நேற்று 1,380-க்குள் முடித்துவிட்டேன், அம்மா" என்றபோது நன்று என்று சொன்னேன். சொல்லும்போது என் குரல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. பழைய குரலாகத்தான் இருந்திருக்கும். அன்று முழுவதும் நீ மோரைத் தவிர எதையும் தொடவில்லை. இதைப் பற்றி நான் மேலே எதுவும் எழுதப் போவதில்லை, நீயும் எனக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. உன் ஆலோசகரிடம் மட்டும், அட்டவணையில் இருப்பதோடு இல்லாததையும் சொல்லிவிடு. இரவில் பசிக்கிறது என்றால் பசிக்கிறது என்று சொல். அவர் ஏழு மணியை எட்டரை ஆக்கலாம், படுக்கும் முன் ஒரு கைப்பிடி கடலை சேர்க்கலாம், ஞாயிறு வரை பொறுக்க முடியாவிட்டால் புதனிலும் ஒரு துண்டு வைத்துக்கொள்ளச் சொல்லலாம். அது அவருடைய தொழில். தெரிந்தால்தானே அவர் செய்ய முடியும். வேளைக்குச் சாப்பிடு என்று மறுபடியும் சொல்கிறேன். மதியம் பட்டினி கிடந்தால் இரவு அது வட்டியோடு வசூலிக்கும்.

தீபாவளிக்கு வரும்போது கால் கிலோ பால்கோவா வாங்கிவைக்கிறேன். டப்பா கூடத்து மேசையில்தான் இருக்கும். முடிச்சு எதுவும் போடமாட்டேன். மாப்பிள்ளை வெட்கப்படாமல் சாப்பிடவேண்டும் என்று நான் சொன்னதாகச் சொல்.

இன்னும் ஒன்று இருக்கிறது. சென்ற மாதம் எனக்கு எடுத்த மூன்று மாதச் சோதனையில் 6.8 என்று உன்னிடம் போனில் சொன்னேன் அல்லவா, அது சரியல்ல. தாளில் 7.9 என்று இருக்கிறது. காலையில் காப்பிக்கு இரண்டு ஸ்பூன் சீனி போட்டுக்கொள்கிறேன், உன் அப்பா போன பிறகு ஆரம்பித்தது. வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கப் போகிறேன். இரண்டு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
அம்மா