சிவப்பு மைக் கோடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வளரிளம் பருவக் கர்ப்பம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ரத்தசோகை, குறைமாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தை என்று உடல்நலத்தைப் பற்றி விரிவாகவே எழுதியிருந்தீர்கள். பிரசவத்துக்குப் பிறகு அந்தப் பெண் எப்படிப் பிழைக்கிறாள் என்பது மட்டும் இரண்டு வரியில் முடிந்துவிட்டது.

நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. கணக்கில் சூட்டிகையான ஒரு மாணவி திடீரென்று நின்றுபோனாள். காரணம் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசவில்லை. வருகைப் பதிவேட்டில் அவள் பெயர்மேல் சிவப்பு மையால் கோடு போட்டவள் நான்தான். ஏழெட்டு மாதம் கழித்து, இடுப்பில் குழந்தையோடு டி.சி. வாங்க வந்தாள். விலகியதற்கான காரணம் என்ற இடத்தில் எழுத்தர் 'குடும்பச் சூழ்நிலை' என்று எழுதினார். குழந்தை அந்தத் தாளை எட்டிப் பிடித்து இழுத்தது. "இங்கேயே திரும்பச் சேரலாமா டீச்சர்?" என்று கேட்டாள். "மற்ற பெற்றோர் என்ன சொல்வார்கள்?" என்றார் தலைமையாசிரியர். நானும் வாயைத் திறக்கவில்லை.

பள்ளி இறுதிச் சான்றிதழ் இல்லாதவளுக்குக் கிடைப்பது அன்றாடக் கூலி வேலை. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைய கூலியும் போச்சு. கையில் காசில்லாதவளின் சொல்லுக்கு வீட்டில் மதிப்பும் கிடையாது. அடுத்த குழந்தை எப்போது என்பதைக்கூட வேறு யாரோ தீர்மானிக்கிறார்கள். தகப்பனானவனின் படிப்போ வேலையோ ஒரு நாள் தடைபட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. பெரும்பாலும் அவன் வயதில் மூத்தவன் என்பதையும் கட்டுரை சொல்லியிருக்கலாம்.

வறுமையால் கர்ப்பமா, கர்ப்பத்தால் வறுமையா என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டும்தான். படிப்பை முதலில் நிறுத்தி, அதன்பின் கல்யாணம் செய்துவைக்கப்பட்ட சிறுமிகளும் ஏராளம். குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் 15 முதல் 19 வயதுக்குள் ஆண்டுக்குச் சுமார் 2.1 கோடிக் கர்ப்பங்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டுக் கணக்கு. அதில் ஏறத்தாழப் பாதி, அவர்கள் விரும்பாமல் உண்டானவை.

எங்கள் பள்ளியில் எழுதாத சட்டமாக இருந்ததைச் சில நாடுகள் வெளிப்படையான தடையாகவே வைத்திருந்தன. கர்ப்பிணி மாணவிகளுக்கான தடையை சியரா லியோன் 2020இலும், தான்சானியா 2021இலும்தான் நீக்கின. இப்படிப்பட்டவர்களைச் சேர்த்தால் மற்ற பெண்களும் கெட்டுப்போவார்கள் என்று இன்னும் சொல்கிறார்கள். ஆனால் வளரிளம் பருவக் கர்ப்பத்தைக் குறைக்க இங்கிலாந்து 1999இல் தொடங்கிய திட்டத்தில் பாலியல் கல்வி, கருத்தடை வசதி ஆகியவற்றோடு, இளம் தாய்மார் படிப்பைத் தொடர உதவியும் இருந்தது. பதினைந்து ஆண்டுகளில் அங்கே 18 வயதுக்குட்பட்டோர் கருத்தரிக்கும் விகிதம் ஏறத்தாழப் பாதியாக இறங்கியது.

குழந்தை பெற்ற பின் வகுப்புக்குத் திரும்பியவர்களைத் தேடிப்பிடித்து அடுத்த கட்டுரை எழுதுங்கள். பாடவேளையில் பிள்ளையை யார் பார்த்துக்கொள்கிறார்கள், பால் கொடுக்க எங்கே போகிறார்கள் என்பதையும் மறக்காமல் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர்