திருட்டு நடந்தால்தான் செய்தியா?

ஆசிரியருக்கு,

இணையப் பாதுகாப்பு என்றாலே நம் பத்திரிகைகளில் ஓடிபி மோசடி, பாஸ்வேர்டு திருட்டு, யாரோ ஒருவர் கணக்கிலிருந்து பணம் போன கதை, இவ்வளவுதான். வேண்டிய செய்திதான், மறுக்கவில்லை. ஆனால் எதையும் திருடாமல் சர்வரை அப்படியே படுக்க வைக்கிற ஓட்டைகளும் உண்டு, அவற்றுக்கு ஒரு மூலையில்கூட இடம் கிடைப்பதில்லை. சர்வர்களோடு மாரடித்தே முடி நரைத்தவன் என்பதால் எழுதுகிறேன்.

2022 மார்ச் 15 அன்று ஓபன்எஸ்எஸ்எல் மென்பொருளில் ஓர் ஓட்டை இருப்பதாக அறிவித்தார்கள். இப்படிப்பட்ட ஓட்டைகளுக்குப் பொதுவாகத் தரும் பதிவு எண் வரிசையில் சிவிஇ-2022-0778 என்பது அதன் எண், கண்டுபிடித்தவர் மென்பொருள் ஓட்டைகளைத் தேடுகிற கூகுளின் ப்ராஜெக்ட் ஜீரோ குழுவைச் சேர்ந்த டாவிஸ் ஓர்மண்டி. பிரவுசரில் பாதுகாப்பான இணைப்புக்கு அடையாளமாக ஒரு பூட்டுப் படம் பார்த்திருப்பீர்களே, அதற்கு மறுமுனையில் ஏராளமான சர்வர்களில் ஓடுவது இந்த மென்பொருள்தான். எதிர்முனையில் இருப்பது யார் என்று காட்ட டிஜிட்டல் அடையாள அட்டை மாதிரி ஒரு சான்றிதழ் வரும். அதில் சில வகைகளைப் படிக்கும்போது அது உள்ளே ஒரு வர்க்கமூலக் கணக்கு போட்டாக வேண்டும், அதற்குப் பகா எண் வேண்டும். வேண்டுமென்றே பகு எண்ணை வைத்து ஒருவன் சான்றிதழ் செய்து அனுப்பினால், கணக்கு முடியவே முடியாது. செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும், மற்ற வேலையெல்லாம் நின்றுவிடும்.

இதில் கொடுமை என்னவென்றால், சான்றிதழில் உள்ள கையொப்பம் அசலா என்று பார்ப்பதற்கு முன்பே இந்தக் கணக்கு நடந்துவிடுகிறது. போலி அட்டையைப் பிடிக்க நிற்கிற வாட்ச்மேன், அட்டையை வாசிக்கப்போய் அங்கேயே மயங்கி விழுந்த கதைதான். சர்வருக்கு மட்டும் ஆபத்து என்றும் இல்லை, மோசமான சர்வரோடு போய் இணைகிற நம் பக்கத்து மென்பொருளும் மாட்டிக்கொள்ளும்.

அன்றைக்கே 1.1.1n, 3.0.2 என்ற பதிப்புகளில் சரிசெய்துவிட்டார்கள். சிக்கல் 1.0.2-க்குத்தான். அதன் இலவச ஆதரவு 2019 கடைசியிலேயே முடிந்துவிட்டது, தனியாகக் காசு கட்டியவர்களுக்கு மட்டும்தான் திருத்தம். நான் அப்போது வேலை பார்த்த அலுவலகத்தில் ஓடியது அதே 1.0.2. மேலாளரிடம் சொன்னேன். "நம்ம டேட்டா ஒண்ணும் போகாதுல்ல? அப்புறம் பார்க்கலாம்" என்றார். 2014-இல் இதே ஓபன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வந்தபோது, சர்வர் நினைவகத்தில் இருப்பது வெளியே கசிகிறது என்றதும் ராத்திரியோடு ராத்திரியாக அப்டேட் போடச் சொன்னவரும் இதே மனிதர்தான்!

வரிசையில் கால்கடுக்க நின்று, கவுன்ட்டருக்கு வந்ததும் "சர்வர் டவுன்" என்ற பதிலைக் கேட்டுத் திரும்புகிறவருக்கு, அவருடைய டேட்டா பத்திரமாக இருப்பதில் என்ன ஆறுதல்?

பக்கம் பக்கமாக எழுதச் சொல்லவில்லை. இப்படி ஓர் அறிவிப்பு வரும்போது எந்தப் பதிப்பில் ஓட்டை, எதில் சரியானது என்று இரண்டு வரி போடுங்கள் சார். மேலாளர்கள் எங்கள் மெயிலைப் படிப்பதில்லை, பேப்பர் படிக்கிறார்கள். வெட்டி அவர் மேசையில் வைத்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஒரு சிஸ்டம் அட்மின்,
மதுரை