மதிய வாசிப்பு: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

நூலக வாசகர் வட்டம், பல்கலைக்கழக விரிவாக்க மையம், தருமபுரி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

எழுத்தாளர்கள் தம் படைப்பை வாசிக்கும் மதியக் கூட்டங்கள், விடுமுறையும் பருவத்தேர்வும் நீங்கலாக, மாதம் ஒன்றாக நடந்தன.

இடைவேளை 45 நிமிடம். மாணவர்கள் சாப்பிட்டுக் கை கழுவி வர 15 நிமிடம் போனால், 20 நிமிடம் வாசிப்பு, 10 நிமிடம் கேள்வி. இதில் வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை என்று நுழைந்தால் எழுத்தாளர் புத்தகத்தைப் பிரிக்கும்போதே மணி அடித்துவிடும். ஆகவே அவை அத்தனையையும் எடுத்துவிட்டோம். எழுத்தாளரின் ஊர், நூல்கள், அன்றைய பகுதி ஆகிய விவரங்களை ஒரே தாளில் அச்சிட்டு நாற்காலிதோறும் வைக்கிறோம். மரியாதைக் குறைவு என்று மூத்த உறுப்பினர் சிலர் வருந்தினார்கள். வந்தவரின் எழுத்தை முழுதாகக் கேட்பதே அவருக்குச் செய்யும் மரியாதை என்று செயற்குழு உறுதியாக நினைக்கிறது.

பகுதியைத் தேர்வதில்தான் பெரிய வேலை. உரைநடையை நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 சொல்; 20 நிமிடத்துக்கு நாவலில் எட்டுப் பக்கம் போதும். நாலைந்து பாத்திரங்களுக்கு மேல் வந்தால் கேட்பவர் குழம்புவார், பின்னால் புரட்டிப் பார்க்க அவர் கையில் நூல் இல்லை. ஒரு வாரம் முன்பே பகுதியைக் கேட்டு வாங்கி, 16 புள்ளி எழுத்தில், தாளின் ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டுத் தருகிறோம். பொடி எழுத்து நூலிலிருந்து வாசித்தால் தலை குனிகிறது, குரல் மேசைக்குள் போய்விடுகிறது. கவிதை என்றால் ஒவ்வொன்றையும் இருமுறை வாசிக்க வேண்டும். தகடூர் அதியமானை ஔவையார் பாடிய சங்கப் பாடல்களுக்கு மூலம், பொருள், மறுபடி மூலம் என்று வரிசை வைத்தோம். இரண்டாம் முறைதான் பாட்டு காதில் ஏறியது.

மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். நேர் எதிரே வைத்தால் பகரம் வெடிக்கும். அதற்கு நேர் மேலுள்ள மின்விசிறியை நிறுத்தாவிட்டால் இரைச்சல்தான் கேட்கும். மாதாந்திர மின் பராமரிப்பு அறிவிப்பைப் பார்த்துவிட்டே தேதி குறிக்க வேண்டும்.

டிபன் பாக்ஸ் வராந்தாவோடு சரி. சிந்திய பருக்கைக்குக் கரப்பான் வரும். வந்தது பைண்டிங் பசையையும் தின்னும்.

கூட்டம் முடிந்ததும் பலர் அதே நூலைக் கேட்பார்கள். இரண்டு பிரதி வாங்கி, ஒன்றை இரவலுக்கும் மற்றதை ஒரு மாதம் நூலகத்திலேயே படிக்கவும் வைக்கிறோம். 894.811 என்ற வகைப்பாட்டு எண்ணுள்ள தமிழிலக்கிய அடுக்குக்கு அது பிறகு போகும்.

எழுத்தாளர் வர இயலாத நாளில் மாணவர் ஒருவர் வாசிக்கலாம். வெளிவந்த நூலிலிருந்து நியாயமான அளவு பகுதியைப் பொதுவில் வாசிக்க 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது. ஒலிப்பதிவை இணையத்தில் ஏற்றுவது வேறு விஷயம். அதற்கு எழுத்துமூல அனுமதி பெறாமல் ஏற்றுவதில்லை.

பயணப்படியை அன்றே உறையில் தந்துவிடுகிறோம். வவுச்சர் பிறகு என்று யாரையும் காத்திருக்க வைக்கக்கூடாது.

வரும் ஆண்டுக்கு ஒரு தீர்மானம்: ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாக உள்ளவர்கள் நிறைய. அம்மொழிகளில் எழுதுவோரை அழைத்து, மூலம் 5 நிமிடமும் தமிழாக்கம் 15 நிமிடமுமாக வாசிக்கச் செய்யப் பொதுக்குழுவின் ஒப்புதல் கோருகிறேன்.

செயலாளர்