மவுசாக்கலைப் பாட்டிக்கு

பாட்டி,

உங்கள் பேரன் இதைப் போனில் வாசித்துக் காட்டுவான் என்று நம்பி எழுதுகிறேன். ஏப்ரலில் முதுகில் பெரிய பையோடு வந்தவனை ஞாபகமிருக்கிறதா? "தனியாவா வந்தீங்க, வீட்ல ஏதும் சண்டையா?" என்று கேட்டீர்களே, அவன்தான். சண்டையெல்லாம் இல்லை. கொழும்பில் வெள்ளவத்தைப் புழுக்கம் தாங்காமல், ஒரு ராத்திரியாவது குளிரில் தூங்கலாம் என்று கிளம்பியவன்.

ஹட்டனில் ரயிலை விட்டிறங்கி, டிக்கோயா வரை பஸ்ஸில் வந்து, காசல்ரீ நீர்த்தேக்கத்தை ஒட்டி நடந்து, நோர்வூட் தாண்டி மஸ்கெலியா வந்து சேர்ந்தபோது தோள் இரண்டும் செத்துவிட்டன. டென்ட், அடுப்பு, போர்வை, மூன்று லீற்றர் தண்ணீர் (அந்த மலையில் யாராவது தண்ணீரைச் சுமப்பார்களா என்று நீங்கள் சிரித்தது சரிதான்). அதனால் மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் நீர் வற்றிய இடத்தில் அந்தச் சமதரையைக் கண்டதும் வேறெதையும் யோசிக்காமல் முளையடிக்கத் தொடங்கிவிட்டேன்.

கொழுந்துக் கூடையோடு மேலே நின்று சத்தம் போட்டீர்கள். "அது தண்ணி வர்ற வழி தம்பி, மேல மழ பேஞ்சா அதுலதான் எறங்கும்." வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. உள்ளுக்குள் எரிச்சல்தான், இப்போது ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டீர்கள், வேறு வழி? லயத்து வரிசைவீடுகளின் கோடியில் உங்கள் மரக்கறிப் பாத்தி ஓரமாக டென்ட் போட்டேன். சிறுத்தைப்புலி வந்து நாயைத் தூக்கிப்போகும் கதையையும் சரியாக இருட்டுகிற நேரம் பார்த்துத்தான் சொன்னீர்கள்.

ரொட்டி, சம்பல், சாயத்தண்ணி. அப்புறம் அந்தப் பேச்சு. 1960களின் கடைசியில் அணை கட்டியபோது பழைய மஸ்கெலியா டவுன் தண்ணிக்குள் போனதை நானும் படித்திருக்கிறேன். வறட்சியில் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் வெளியே தெரியும் என்பதும் தெரியும். ஆனால் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு அந்த பஜாரில் பிஸ்கட் வாங்கித் தின்ற ஒருவர் எதிரில் உட்கார்ந்து ரொட்டி தட்டுவார் என்று நினைக்கவில்லை.

எட்டரைக்கு இடி, பிறகு மழை, அப்படியொரு மழை. விட்டதும் வெளியே வந்து பார்த்தால் சிவனொளிபாதமலையில் படிவரிசை விளக்குகள் உச்சிவரை ஒரே கோடாக எரிகின்றன. காலையில் கீழே போய்ப் பார்த்தேன். நான் படுக்க இருந்த இடத்தை அறுத்துக்கொண்டு செம்மண் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பிடுங்க மறந்த ஒரு முளையைக் காணவேயில்லை.

அந்தத் தண்ணீர் மின்நிலையங்களின் வழியே போய், களனி ஆறாய் இறங்கி, அம்பத்தளைச் சுத்திகரிப்பு நிலையத்தில் சுத்தமாகி எங்கள் வீட்டுக் குழாய்க்கு வருகிறது. இதுவும் படித்ததுதான். இப்போது பைப்பைத் திறந்தால் உங்கள் பிஸ்கட் கடை ஞாபகம் வருகிறது.

போகும்போது எடுத்த படத்தில் கோயில் சுவர் கொஞ்சம் தெரிகிறது. கேட்க மறந்துவிட்டேன் பாட்டி, அந்தக் கடை கோயிலுக்கு எந்தப் பக்கம்?