பட்டையை மட்டும் நம்ப வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குறைமாதக் குழந்தை என்றால் எடை, மூச்சு, மஞ்சள் காமாலை என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. மூளை அலையை இன்குபேட்டர் அருகிலேயே இரவு பகலாகப் பதிந்து சுருக்கிக் காட்டும் ஏ-இ.இ.ஜி. கருவியும் இப்போது வந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் அதை வாங்கிவைப்பதில் பாதி வேலைகூட முடிவதில்லை.

1960களின் இறுதியில் லண்டனில் டக்ளஸ் மேனார்டு, பமீலா பிரையர் ஆகியோர் பெரியவர்களுக்காக உருவாக்கிய முறை இது. நொடிக்கு 2 முதல் 15 வரையிலான அலைகளை மட்டும் எடுத்து, அவற்றின் வலுவை ஒரு மணி நேரத்துக்கு 6 செ.மீ. நீளப் பட்டையாகச் சுருக்கிக் காட்டும். கர்ப்பத்தின் 26வது வாரத்தில் பிறந்த குழந்தையின் மூளையிலோ பெரும்பகுதி நொடிக்கு ஒன்று, அதற்கும் குறைவான மெதுவான அலைகள். அதாவது அந்தக் குழந்தையிடம் அதிகம் இருப்பதைக் கழித்துவிட்டுத்தான் பட்டையே வருகிறது! பட்டையோடு சேர்ந்து ஓடும் மூல அலையையும் (சுருக்காத மூளை அலை) பார்த்தே ஆகவேண்டும்.

அந்த மூல அலையும் விட்டுவிட்டுத்தான் வரும். ஒரு வீச்சு, பிறகு மௌனம், மறுபடி வீச்சு. 26 வாரத்தில் மௌனம் அரை நிமிடம் நீண்டாலும் அது நோயல்ல. நிறைமாதத்தில் அப்படி வந்தால் ஆபத்து. 30 வாரம் வாக்கில் தூக்கமும் விழிப்பும் பட்டையில் மாறிமாறித் தெரியத் தொடங்கும். எனவே வயதைச் சரியாகப் போடாமல் பதிவைப் படிப்பது வீண். 27 வாரத்தில் பிறந்து மூன்று வாரம் ஆன குழந்தைக்கு வயது 30 வாரம். கடைசி மாதவிலக்குத் தேதி அம்மாவுக்கு நினைவில்லை என்றால், கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேன் தேதியை வைத்துக் கணக்கிட வேண்டும்.

அடுத்து எலக்ட்ரோடு, அதாவது அலையைப் பிடிக்கத் தலைத்தோலில் ஒட்டும் மின்முனை. பெரும்பாலான கோளாறு இங்கேதான். இந்தக் குழந்தைகளின் தோல் அழுத்தித் தேய்த்தால் உரிந்துவிடும். பஞ்சுக்குச்சியில் கொஞ்சம் ஜெல் தொட்டு இரண்டு மூன்று முறை மெல்லத் தடவினால் போதும். முடியை மழிக்கத் தேவையில்லை. மின்தடை 10 கிலோ ஓமுக்குள் நிற்க வேண்டும். இன்குபேட்டர் ஈரத்தில் ஒட்டு கழன்றுகொண்டே இருக்கும் என்பதால் ஒவ்வொரு ஷிப்டிலும் அந்த எண்ணைப் பார்க்க வேண்டும். இரண்டு எலக்ட்ரோடும் நெருங்கி இருந்தாலும், தலைத்தோல் வீங்கியிருந்தாலும், நடுவே ஜெல் வழிந்து சேர்ந்துவிட்டாலும் பட்டை தாழும். மூளை மந்தமாகிவிட்டதோ என்று நாம் பதறுவோம்.

இதற்கு நேர்மாறான ஏமாற்றம் இன்னும் மோசமானது. நிமிடத்துக்கு 150 முறை துடிக்கும் இதயம் நொடிக்கு இரண்டரைத் துடிப்பு. உயர் அதிர்வெண் வென்டிலேட்டரின் அதிர்வு நொடிக்கு 10 வாக்கில். இரண்டுமே 2-15 என்ற அந்த ஜன்னலுக்குள் நுழைந்து பட்டையின் கீழ் ஓரத்தை மேலே தூக்கிவிடும். மூளை அடங்கிக் கிடக்கும், பட்டையோ 5 மைக்ரோவோல்ட்டுக்கு மேலே 'நலம்' என்று காட்டும். குழந்தையைச் சீராகத் தட்டிக்கொடுத்தால்கூட வலிப்பு மாதிரியே பதியும். ஆகவே பால் கொடுத்தது, சளி உறிஞ்சியது, தட்டியது, மருந்து போட்டது எல்லாவற்றையும் நேரத்தோடு திரையில் குறிப்பது செவிலியரின் அன்றாட வேலையாக வேண்டும். கிலோவுக்கு 20 மி.கி. பினோபார்பிட்டோன் என்ற வலிப்பு மருந்து போனபிறகு அலை தாழ்வது மருந்தினாலும் இருக்கலாம். குறிப்பு இல்லாவிட்டால் மறுநாள் காலையில் யார் கண்டார்கள்?

பச்சிளங்குழந்தையின் வலிப்பு பெரும்பாலும் கைகால் உதறலாக வெளியே தெரியாது. மருந்துக்குப் பிறகு உதறல் நின்றாலும் மூளையில் தொடரலாம். அங்கேதான் இந்தக் கருவி கைகொடுக்கிறது. ஆனாலும் அரை நிமிடத்துக்குள் முடியும் வலிப்பும், எலக்ட்ரோடு இல்லாத இடத்தில் எழும் வலிப்பும் பட்டையில் தப்பிவிடும். சந்தேகம் இருந்தால் தலை முழுவதும் எலக்ட்ரோடு வைத்து முழு இ.இ.ஜி. எடுக்க வேண்டும். தலை ஸ்கேனும் தனியே வேண்டும். ரத்தக்கசிவை அதுதான் காட்டும்.

கருவிக்கு டெண்டர் விடும் அதிகாரிகளுக்கு மூன்று வேண்டுகோள்: மூல அலை காட்டாத மாடலை ஏற்காதீர்கள், ஆண்டு முழுவதற்குமான எலக்ட்ரோடு செலவையும் சேர்த்தே மதிப்பிடுங்கள், இரவு இரண்டு மணிக்குப் பதிவைப் படிக்கப்போவது யார் என்று எழுத்தில் கேளுங்கள்.

இப்படிக்கு,
பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு இ.இ.ஜி. பணியாளர்கள்